ஒரே ரீல், மூன்று லைன்: ஃபிளை தூண்டிலுக்குச் செலவைக் குறைக்கும் வழி

தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கும் பழைய ஈயக்குட்டைக்கும் கிளம்புவது தோட்டக் காலத்திலிருந்தே நம்மவர்களுக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. ஆனால் ஃபிளை தூண்டில் என்றதும் பலரைத் தயங்க வைப்பது செலவுதான். "மேலே மிதக்கும் லைனுக்கு ஒரு ரீல், மூழ்கும் லைனுக்கு இன்னொன்றா?" என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. ஒரே ரீல் போதும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

லைன் ஏன் பல வகை?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃபிளைக்கு எடையே இல்லை எனலாம். அதனால் லைனின் எடைதான் அதைச் சுமந்து போய்ப் போடுகிறது. லைனின் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுக்கிறார்கள். 5ஆம் எண் சுமார் 9 கிராம். 8ஆம் எண் சுமார் 13.6 கிராம். திலாப்பியாவுக்கு 5 போதும். விரால் இனமான தோமானுக்கு 8 அல்லது அதற்கு மேல் வேண்டும். தோமான் நீர்மட்டத்தில் இரை தேடும்போது மிதக்கும் லைன். ஆழத்துக்குப் போய்விட்டால் மூழ்கும் லைன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், உபரி ஸ்பூல். லைன் சுற்றும் அந்த உருளையை மட்டும் கழற்றி மாற்றலாம். ரீலை வாங்கும் அன்றே அதே மாடலுக்குத் தனி ஸ்பூல் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று விற்பனை நிறுத்தப்பட்ட மாடலை வாங்கினால், பிறகு ஸ்பூல் கிடைக்காமல் புது ரீலே வாங்க நேரிடும். கெசட் வகை ரீல்களில் உள்ளே பிளாஸ்டிக் ஸ்பூல்தான்; விலை குறைவு. சிலவற்றில் இரண்டு, மூன்று உபரி கெசட்டுகள் சேர்ந்தே வரும்.

அடுத்து, கொள்ளளவு. ஒரே எண்ணில் மிதக்கும் லைன்தான் தடிமன் அதிகம். அது அடங்கும் ஸ்பூலில் மூழ்கும் லைன் தாராளமாக அடங்கும். மீதி இடத்தை அடியில் சுற்றும் பேக்கிங் நூலால் நிரப்பலாம். விளிம்பிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும்.

மூன்றாவது, டிராக் எனும் பிரேக். திலாப்பியாவுக்குச் சாதாரண 'கிளிக்' வகை போதும். தோமான், கெலா போன்றவை பாய்ந்து ஓடும் மீன்கள். அவற்றுக்கு டிஸ்க் டிராக் அவசியம். கடலோரத்தில் பிடிப்பவர்கள் உப்புநீர் புகாதபடி மூடப்பட்ட டிராக்கைத் தேடுங்கள்.

மிச்சப் பணம் எங்கே?

ரீலில் மிச்சமாகும் பணத்தை நல்ல லைனில் போடுங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் இளகி, பிசுபிசுத்து, வீச வராது. 'டிராப்பிக்கல்' என்று குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது லைனுக்கே வசதியில்லையா? மிதக்கும் லைனின் நுனியில் மூழ்கும் லீடர் ஒன்றை வளையத்தோடு வளையம் மாட்டினால் ஓரளவு ஆழம்வரை சமாளிக்கலாம்.

ஒவ்வொரு ஸ்பூலிலும் லைன் வகையையும் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். மலிவான ரீலும் பல ஆண்டுகள் உழைக்கும்.