யாருடைய விரல்?

பகலில் ஹௌராவில் ரயில்வே குமாஸ்தா. மாலையில் அக்குபங்சர் மாணவன். இதுவே என் இரட்டை வாழ்க்கை. 1938-ல் டாக்டர் கோட்னிஸுடன் சீனம் சென்ற மருத்துவக் குழுவினரான டாக்டர் பிஜய் குமார் பாசு, 1959-ல் இக்கலையைக் கல்கத்தாவில் தொடங்கி வைத்தார்.

உடலில் 14 பாதைகள். அவற்றின்மீது 361 புள்ளிகள். ரயில் தடங்களையும் நிலையங்களையும்போல எண்ணிப் பெயர்களை நெட்டுருப் பண்ணிவிட்டேன். கர்வம் கொஞ்சம் தலைக்கேறியது.

முழங்காற்சில்லின் கீழே, வெளிப்புறக் குழியிலிருந்து 3 'சுன்' தாழ்வாக, முன்னெலும்பிற்கு ஒரு விரல் வெளியே உள்ளது 'ஸூசான்லி'. சேர்த்து வைத்த நான்கு விரல்களின் அகலமே 3 சுன். மூட்டுவலியால் வருந்தும் என் தாயாரின் மெலிந்த காலில் என் விரல்களை வைத்து அளந்து, மையால் குறியிட்டு ஆசிரியரிடம் அழைத்துச் சென்றேன்.

"யாருடைய விரல்?" என்று மட்டுமே கேட்டார் அவர்.

அப்போதுதான் விளங்கிற்று. ரயில் நிலையங்களின் தூரம் யார் அளப்பினும் ஒன்றே. உடலிலோ நோயாளியின் விரலே அளவுகோல். தாயாரின் விரல்களால் அளந்தபோது என் குறி தாழ்ந்திருந்தது.

1027-ல் சீனத்தில் வாங் வெய்யி வெண்கல மனிதனை வார்ப்பித்தார். மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி மாணாக்கரைச் சோதிப்பார்களாம். ஊசி சரியான துளையில் பட்டால் நீர் கசியும். இக்கண்டிப்பு வீணன்று. தோளிலும் மார்பிலும் ஊசி ஆழ்ந்தால் நுரையீரலே துளைபடலாம்.

அன்பர்களே, தாயார் காலில் நான் இன்னும் ஊசி தொடவில்லை. தேர்ந்த கைகளே அதனைச் செய்கின்றன. நான் அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.