பிரேக் முதலில், பெயிண்ட் பிறகு!

மும்பையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய மாருதி 800 வாங்கும் நம்மவர்கள் உண்டு. 1983இல் வெளிவரத் தொடங்கிய இந்தக் காரின் உற்பத்தி 2014இல் நின்றது. ஆகவே கைக்கு வருவது பத்து வயதைத் தாண்டிய வண்டிதான்.

முன்பு வைத்திருந்தவர் என்ன பராமரிப்புச் செய்தார் என்று தெரியாதபோது, எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் நம்பிவிடக் கூடாது. அதைக் குறைத்து வைக்க முடியும்.

முதல் செலவு பிரேக்குக்கு. பிரேக் ஆயில் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும்.

அடுத்து என்ஜின் ஆயில், பில்டர், கூலன்ட். டைமிங் பெல்ட் அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். அதையும் மாற்றிவிடுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் பழைய ரப்பர் வெடித்திருக்கலாம்.

பெயிண்ட், சீட் கவரெல்லாம் அடுத்த போனஸுக்கு ஆகட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு, மனைவி மக்களுடன் லோனாவ்லா தாண்டி போர் காட் மலையில் இறங்கும்போது, மிதித்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும்.