குடிநீர்க் கருவியில் விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் குடிநீர் வாரியக் குழாய் நீர், வீட்டுக் கிணற்று நீர், லாரி நீர் ஆகிய மூன்றும் ஒரே தரைத்தொட்டியில் கலப்பதுண்டு. லாரி நீரில் ஒரு பகுதி நகரைச் சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளிலிருந்து வருவது. வாரிய நீரிலுள்ள குளோரின் இக்கலப்பில் தீர்ந்துவிடக்கூடும். எனவே பலர் புற ஊதாக் கதிர்க் கருவியை நம்பியுள்ளனர். விளக்கு எரிகிறது என்பதனாலேயே கிருமிகள் அழிந்துவிட்டன என்று கருதுவது தவறாகும்.

கதிரின் வேலை

விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர், கிருமிகளின் மரபுப் பொருளைச் சிதைத்து அவை பெருகாமல் தடுக்கிறது. இக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் நீல ஒளி வேறு. விளக்கு சுமார் 9,000 மணி நேரம் எரிந்த பின், நீல ஒளி இருந்தாலும் கதிரின் வலிமை குறைந்துவிடும். கடின நீரின் சுண்ணாம்பும் இரும்பும் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் படிந்தால் கதிர் நீரை எட்டாது. கலங்கல் நீரில் கிருமிகள் மண் துகள்களின் நிழலில் தப்பிவிடும். நீர் வேகமாக ஓடினாலும் போதிய கதிர் கிடைக்காது.

1992ஆம் ஆண்டு சென்னையில் வெளிப்பட்ட புதுவகைக் காலரா (ஓ139), வங்கத்திற்கும் பரவிப் பலரைப் பலிகொண்டது. அதனைக் கண்டு அமெரிக்காவிலுள்ள இந்திய விஞ்ஞானி அசோக் காட்கில் எளிய புற ஊதாக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதில் விளக்கு நீருக்குள் இல்லாமல் நீர்ப்பரப்பிற்கு மேலே தொங்கும். ஆகவே உறையில் படிவு ஏற்படும் தொல்லை இல்லை. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் விளக்கு நீர் ஓடும் குழலுக்குள்ளேயே இருப்பதால் சோதனை அவசியமாகிறது.

மாதிரி எடுக்கும் முறை

ஒரே நேரத்தில் இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒன்று கருவிக்குள் நுழையும் நீர். மற்றொன்று வெளிவரும் நீர். கிருமி நீக்கிய சீசாக்களை ஆய்வகத்திலிருந்தே பெறுவது நல்லது. குளோரினை முறிக்கும் மருந்து அதில் இடப்பட்டிருக்கும் என்பதால் சீசாவைக் கழுவக்கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்ட பின் பிடிக்கவும். மூடியின் உட்புறத்தைத் தொடலாகாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது சிறந்தது. கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தில் குடிநீர் ஆய்வு செய்யப்படுகிறது.

முடிவைப் படிப்பது எப்படி?

இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி, 100 மில்லி குடிநீரில் கோலிஃபார்ம் கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது. உள்ளே செல்லும் நீரில் 1,000 கிருமிகள் இருந்து, வெளிவரும் நீரில் ஒன்றும் இல்லையெனில், கருவி ஆயிரத்தில் 999க்கு மேல் அழித்துள்ளது என்று பொருள். உள்ளே செல்லும் நீரிலேயே கிருமி இல்லாவிடில் கருவியின் திறன் சோதிக்கப்படவேயில்லை. வெளிவரும் நீரை மட்டும் ஆய்ந்து திருப்தியடைவதில் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு கலங்கியிருக்கும்போது சோதிப்பதே உண்மையைக் காட்டும்.

உப்பு அளக்கும் மீட்டரால் கிருமியை அறிய இயலாது. வீட்டில் முதற்சோதனையாக ஹைட்ரஜன் சல்ஃபைடு சீசாவைப் பயன்படுத்தலாம். குவாலியர் விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட முறை இது. நீர் ஊற்றி ஓரிரு நாள் வைத்தபின் கறுத்தால், மல மாசு இருக்கலாம் என அறியலாம்.

கவனிக்க வேண்டியவை

ஆண்டுக்கொரு முறை விளக்கை மாற்றி, உறையைத் துடைக்க வேண்டும். எரியும் விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்கக்கூடாது. கதிர் நீரில் தங்குவதில்லை. பிடித்த நீர் அழுக்குக் குடத்தில் மீண்டும் கெடும். பால் பண்ணைகளில் இக்கருவி வைத்திருப்போரும் இதே முறையில் சோதிக்கலாம். சோதனையில் கருவி தவறினால், அது சரியாகும் வரை குழந்தைகளுக்குக் கொதித்து ஆறிய நீரையே கொடுக்க வேண்டும்.