காரின் மெருகைக் காப்போம்

தோட்டப்புறங்களில் இன்று பல குடும்பங்கள் சொந்தமாகக் கார் வைத்திருக்கின்றன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மாதந்தோறும் தவணை செலுத்தி வாங்கிய உடைமை அது. ஆயினும், துடைத்துத் துடைத்தே அதன் மெருகைக் கெடுத்துவிடுவோர் நம்மில் பலர்.

கீறல் எவ்வாறு உண்டாகிறது?

இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு, அவற்றின் மேல் நிறமற்ற மெருகுப்பூச்சு ஆகிய படலங்கள் உள்ளன. மெருகுப்பூச்சின் கனம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. செம்மண் சாலையின் புழுதியிலோ, அப்பூச்சைவிடக் கடினமான மணல் துகள்கள் கலந்துள்ளன. உலர்ந்த துணியாலோ கோழி இறகுத் துடைப்பத்தாலோ துடைக்கும்பொழுது, அவை அரம்போல் பூச்சைத் தேய்க்கின்றன. வெயிலில் சிலந்தி வலைபோல் தெரியும் நுண்கீறல்கள் இவ்வாறு ஏற்பட்டவையே. கீறல் தகடு வரை இறங்கிவிட்டால், மழை மிகுந்த நம் நாட்டில் துருப்பிடித்துப் பூச்சின் அடியிலேயே பரவும். பழுதுபார்க்கும் செலவு ஒருபுறம். விற்கும்பொழுது விலை குறைவது மறுபுறம்.

கழுவும் முறை

காரை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பின்னரே கழுவ வேண்டும். வெயிலில் கழுவினால் சவர்க்கார நீர் உடனே காய்ந்து கறை படியும். முதலில் துணி படாமல், நீரை மட்டும் தாராளமாக ஊற்றிப் புழுதியையும் சேற்றையும் அகற்றுக. கிணற்று நீரோ ஆற்று நீரோ கலங்கலாக இருப்பின், தெளிய வைத்து மேல்நீரை மட்டும் பயன்படுத்துக.

பின்னர் இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் கார் கழுவுவதற்கென விற்கப்படும் சவர்க்கார நீர்; மற்றொன்றில் நல்ல நீர். மென்மையான துணியைச் சவர்க்கார நீரில் நனைத்து, கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் துடைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை நல்ல நீரில் அலசிய பின்னரே மீண்டும் சவர்க்கார நீரில் இடுக. இல்லையேல், எடுத்த மணலையே திரும்பப் பூசியவர்கள் ஆவோம். தரையில் விழுந்த துணியை அப்படியே பயன்படுத்தலாகாது. சக்கரங்களுக்குத் தனித்துணி வைத்துக்கொள்க. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் காரின் மெழுகைப் போக்கிவிடும், அதனைத் தவிர்ப்பீர்.

பாலும் எச்சமும்

ரப்பர் பால் தெறித்திருந்தால், ஈரம் காயுமுன் நீர்விட்டுக் கழுவுக. உறைந்துவிட்டால் கத்தியால் சுரண்டாமல், நீரால் நனைத்து விரல் நுனியால் மெல்ல உருட்டி எடுக்கலாம். பால் உறைய வைக்கும் அமிலம் சிந்தினால் உடனே மிகுதியான நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பறவை எச்சத்தின்மீது ஈரத்துணியைச் சில நிமிடங்கள் போர்த்தி, ஊறிய பின் எடுக்கவும்.

உலர்த்தும் முறை

சவர்க்காரம் முழுதும் நீங்க நீர் ஊற்றிய பின், மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணியை விரித்து, மெல்ல ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். பழைய சட்டையைப் பயன்படுத்துவோர் பொத்தானையும் தடித்த தையலையும் வெட்டி நீக்குவது அவசியம். தானாகக் காயட்டும் என்று விட்டால், நீரிலுள்ள உப்புகள் வெண்புள்ளிகளாகப் படியும்.

இரண்டு வாளி, சில துணிகள், சற்றுப் பொறுமை: இவையே தேவை. உழைத்துச் சேர்த்த பொருளை உரியவாறு பேணுவதும் ஒரு சேமிப்பே அன்றோ?