மல்பெரிக் குச்சி வேர் பிடிக்க அசோஸ்பைரில்லம்

மல்பெரித் தோட்டம் ஒரு முறை நட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் நின்று பலன் தருவது. நடவில் விழும் சந்தினால் அத்தனை ஆண்டுகளும் இலை நட்டமே. ஆகவே, குச்சிகளை நன்கு வேர் பிடிக்கச் செய்வதே பட்டு வளர்ப்பின் முதற்படியாகும்.

"துளிர் நன்றாக வந்தது, பிறகு காய்ந்துவிட்டது" என்று விவசாயிகள் பலர் கூறுவதுண்டு. குச்சியில் சேமித்துள்ள உணவைக் கொண்டே முதலில் துளிர் வருகிறது. அது தீர்வதற்குள் வேர் இறங்காவிட்டால் குச்சி காய்ந்து போகும். துளிர்த்ததெல்லாம் பிழைத்ததாகாது.

வேர் விரைந்து இறங்க அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உதவுகிறது. இது வேரை ஒட்டியும் வேருக்குள்ளும் வாழ்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகிறது. வேர் வளர்ச்சியைத் தூண்டும் இண்டோல் அசிட்டிக் அமிலத்தையும் சுரக்கிறது. இதனால் பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகிச் செடி நீரையும் சத்தையும் நன்கு எடுத்துக்கொள்கிறது.

செய்முறை எளிது. 6 முதல் 8 மாதம் முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளைகளைத் தேர்ந்தெடுக்கவும். இளம் நுனியை நீக்கி, 3 அல்லது 4 நல்ல மொட்டுகள் உள்ளவாறு 15-20 செ.மீ. நீளத்தில், பட்டை உரியாமல் வெட்டவும். ஒரு கிலோ அசோஸ்பைரில்லத்தை, அதாவது 200 கிராம் பொட்டலம் ஐந்தினை, 40 லிட்டர் நீரில் கரைக்கவும். குச்சிகளின் அடிப்பாகத்தை அதில் 30 நிமிடம் நிழலில் வைத்து, உடனே நாற்றங்காலில் நடவும். ஒரு மொட்டு மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். மண் ஈரம் காயக்கூடாது. நீர் தேங்கவும் கூடாது.

பொட்டலத்தில் இருப்பது உயிர்ப்பொருள். வெயிலில் கிடந்ததையும் காலாவதியானதையும் வாங்க வேண்டாம். பூஞ்சாணக்கொல்லியையோ இரசாயன உரத்தையோ அந்தக் கரைசலில் கலக்கக்கூடாது. வாடிய குச்சியை இது பிழைக்க வைக்காது. தொழு உரத்துக்கும் பரிந்துரைத்த உரங்களுக்கும் இது துணையே; முழு மாற்றாகாது.

ஒரு வரிசையை மட்டும் நேர்த்தி செய்யாமல் நட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, இரு வகையிலும் ஐந்தைந்து செடிகளை மண்ணோடு பெயர்த்து, வேர்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் மண்ணில் பலன் எவ்வளவு என்பதை அந்த வேர்களே காட்டிவிடும்.