தொடாமலே தொட்டுப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.

இரவுச் சந்தையில் அம்மா மாம்பழம் வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா, மாணவர்களே? கண்ணால் பார்த்தால் மட்டும் அவருக்குப் போதாது. விரலால் இலேசாக அமுக்கியும் பார்ப்பார். "அக்கா, அமுக்காதீங்க!" என்று கடைக்காரர் சொல்வதற்குள் எது பழம், எது காய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மருத்துவரும் இதைத்தான் செய்கிறார். வயிற்றையும் கழுத்தையும் அழுத்திப் பார்த்து, உள்ளே கட்டி இருக்கிறதா, அது கெட்டியா மென்மையா என்று அறிகிறார்.

ஆனால் மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளையை எப்படி அழுத்திப் பார்ப்பது?

தோட்டத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியின் பாட்டிக்கு மூளையில் கட்டி இருந்தது. "எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி தெளிவாகத் தெரியுதே சார்! அப்புறம் ஏன் ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு டாக்டரால உறுதியா சொல்ல முடியல?" என்று அவள் கேட்டாள்.

நல்ல கேள்வி. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைச் சாதாரண எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். அது எவ்வளவு கெட்டி என்பதை அதே தெளிவுடன் காட்டாது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்வோம். இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கட்டி மென்மையாக இருந்தால் அறுவை மருத்துவர் அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். கெட்டியாக இருந்தால் சிறு சிறு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். நேரம் கூடும். பக்கத்திலுள்ள நரம்புகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஆபத்தும் கூடும். இதை முன்கூட்டியே அறிந்தால் மருத்துவர் தக்கபடி திட்டமிடலாம்.

இதற்கு ஒரு வழி 1995இல் பிறந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் பட்டியலில் முதலில் இருந்த பெயர் ராஜா முத்துப்பிள்ளை. நமக்குப் பழக்கமான பெயர் அல்லவா? குழுவை வழிநடத்தியவர் ரிச்சர்ட் ஏமன். அவர்கள் அறிமுகப்படுத்திய முறைக்கு எம்.ஆர். எலாஸ்டோகிராபி என்று பெயர்.

இதன் அடிப்படை நீங்கள் படிவம் 4 இயற்பியலில் படிக்கும் அலைகள்தாம். நோயாளியின் தலைக்கு அடியில் மெத்தென்ற ஒரு தலையணை வைக்கப்படும். காற்றுக் குழாய் வழியாக வரும் அழுத்தம் அதை விநாடிக்குச் சுமார் 60 முறை மெல்ல அதிரச் செய்யும். அந்த அதிர்வு அலையாக மூளைக்குள் பரவும். திசு நகரும் தூரம் மிகச் சிறியது. மைக்ரோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எம்.ஆர்.ஐ. கருவி தன் காந்தப் புலத்தை அதே தாளத்தில் மாற்றி மாற்றி, திசுவில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் எவ்வளவு நகர்ந்தன என்று அளக்கிறது. கணினி அதை அலைப் படமாக மாற்றுகிறது.

கெட்டியான பொருளில் அலை வேகமாக ஓடும். அதன் அலைநீளமும் கூடும். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், அலைநீளம் 2.5 சென்டிமீட்டர் என்று கொள்வோம்.

வேகம் = 60 × 0.025 = விநாடிக்கு 1.5 மீட்டர்.

எளிய கணக்கில், விறைப்பு = அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். திசுவின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திதான். எனவே 1000 × 1.5 × 1.5 = 2,250 பாஸ்கல். அலைநீளம் இரு மடங்கானால் விறைப்பு என்ன ஆகும்? நான்கு மடங்காகும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரி, உண்மையில் பலிக்குமா? 2013இல் மேயோ கிளினிக்கில் இதைச் சோதித்தார்கள். மெனிஞ்சியோமா நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே கட்டியின் விறைப்பை அளந்தார்கள். முடிவை அறுவை மருத்துவர்களிடம் சொல்லவில்லை. கட்டியை எடுக்கும்போது அவர்கள் தங்கள் கையால் உணர்ந்த கெட்டித்தன்மையைத் தனியாகப் பதிவு செய்தார்கள். பிறகு ஒப்பிட்டபோது இரண்டும் பெரிதும் ஒத்துப்போயின. முடிவை மறைத்து வைத்தது ஏன் என்று யோசியுங்கள். முன்பே தெரிந்திருந்தால் கையும் அதையே "உணர்ந்திருக்கும்"!

இன்னொரு வியப்பும் உண்டு. கட்டி என்றாலே கெட்டி என்று நினைக்கிறோம். ஆனால் 2014இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுக்கட்டிகளை அளந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஆரோக்கியமான மூளைத் திசுவைவிட மென்மையாக இருந்தன. ஆகவே விறைப்பை மட்டும் வைத்து ஒரு கட்டி நல்லதா கெட்டதா என்று முடிவு கட்டிவிட முடியாது. அதற்குத் திசுவை எடுத்துச் சோதிக்கத்தான் வேண்டும்.

கல்லீரல் கெட்டியாவதைக் கண்டறிய இம்முறை பல நாடுகளில் ஏற்கெனவே மருத்துவப் பயன்பாட்டில் உள்ளது. மூளையைப் பொறுத்தவரை அது இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரு கிண்ணங்களில் அகார் அகார் செய்யுங்கள். ஒன்றில் தூளைக் குறைவாகவும் மற்றொன்றில் இரு மடங்காகவும் போடுங்கள். ஆறியதும் தட்டில் கவிழ்த்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். எது மெதுவாக அசைந்தாடுகிறது, எது சட்டென்று நடுங்கி நிற்கிறது? கண்ணை மூடிக்கொண்டு தம்பியைத் தட்டச் சொன்னால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அசைவைப் பார்த்தால் தொடாமலே சொல்லிவிடலாம்.

கேள்வி கேட்ட மாணவியின் பாட்டி அறுவை முடிந்து வீடு திரும்பிவிட்டார். வகுப்பில் அகார் அகாரை முதலில் தட்டிப் பார்த்தவளும் அவள்தான்.