12 வோல்ட் பேட்டரியில் கைப்பேசியைச் சார்ஜ் செய்வது எப்படி?

ரெங்கம் ரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்துக்கு மேலே பாருங்கள். கெமாஸ் – ஜொகூர் பாரு இரட்டைத் தடத்துக்கான அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. மின்ரயிலில் உள்ள மின்மாற்றி அதை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்கிறது. மாறுதிசை மின்னோட்டம் என்பதால் அது முடிகிறது. நிலையத்துக்கு வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிளின் பேட்டரியோ வெறும் 12 வோல்ட்தான். ஆனால் அதிலிருந்து கைப்பேசிக்கு 5 வோல்ட் எடுப்பது அவ்வளவு நேரடியான வேலை இல்லை. பேட்டரி தருவது நேர்திசை மின்னோட்டம். காந்தப்புலம் மாறாமல் நின்றால் மின்மாற்றியின் இரண்டாவது சுருளில் எதுவும் தூண்டப்படாது.

கண்காட்சிக்கு இந்தச் சாதனத்தைச் செய்யும் மாணவர்களில் பலர் ஒரே புகாருடன் வருவார்கள்: "டீச்சர், மீட்டரில் 5 வோல்ட் காட்டுது, போன் மட்டும் சார்ஜ் ஏறல." அதற்கு விடை தேடும் முன், சுற்று எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எளிய வழி 7805 என்ற மூன்று கால் சில்லு. கைப்பேசி 1 ஆம்பியர் இழுத்தால் பேட்டரியும் அதே 1 ஆம்பியரைத் தர வேண்டும். உள்ளே போவது 12 வாட், வெளியே வருவது 5 வாட். மீதி 7 வாட்டும் வெப்பம். வெப்பந்தாங்கித் தகடு இல்லாமல் தொட்டால் விரல் சுட்டுவிடும். இதே கணக்கை ஒரு வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, 48 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் இயங்கும் சூரிய ஒளி வீட்டு முறையை உருவாக்கியது. ராஜஸ்தானில் மின்கம்பி எட்டாத கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போனது. ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 125 வாட் சூரியத் தகடுதான். அங்கே 48 வோல்ட்டை 7805 பாணியில் 5 வோல்ட்டாகக் குறைத்தால், கைப்பேசிக்காக எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த முறையை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு வழி, மின்னழுத்தத்தை எரித்துத் தீர்க்காமல் நேரத்தைத் துண்டு போடுவது. ஒரு டிரான்சிஸ்டர் பேட்டரியை நொடிக்கு 1,50,000 முறை இணைத்துத் துண்டிக்கிறது. ஒவ்வொரு சுற்றும் 6.7 மைக்ரோ நொடி. அதில் 5/12 பங்கு, அதாவது 2.8 மைக்ரோ நொடி மட்டும் இணைப்பு இருந்தால் சராசரி 5 வோல்ட். ஆனால் இப்படி வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைக் கைப்பேசி ஏற்காது. அதைச் சீராக்குவது மின்தூண்டி. பாட்டியின் கால் தையல் இயந்திரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? காலால் அழுத்தாத நேரத்திலும் கனமான சக்கரம் தன் போக்கில் சுழன்று ஊசியை ஓட்டும். மின்தூண்டியும் அப்படித்தான். டிரான்சிஸ்டர் மூடியிருக்கும் 3.9 மைக்ரோ நொடியில் பேட்டரி எதையும் தருவதில்லை. தன் காந்தப்புலத்தில் சேர்த்து வைத்ததை மின்தூண்டி கொடுக்கிறது. அந்த மின்னோட்டம் திரும்பி வர ஒரு டையோடு பாதை விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளியே 1 ஆம்பியர் போகும்போது பேட்டரியிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 0.52 ஆம்பியர் மட்டுமே (திறன் 80 விழுக்காடு என்று கொண்டால்). முதன்முறை அளக்கும் மாணவர்கள் மீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்: உள்ளே 6.25 வாட், வெளியே 5 வாட், வெப்பம் 1.25 வாட்.

கடைகளில் எளிதில் கிடைப்பது எல்எம்2596 சில்லு பொருத்திய சிறு பலகை. அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கிய சில்லு இது. 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியபோது, நம் மலாக்காவில் இருந்த ஆலையும் அதோடு கைமாறியது. பலகையில் உள்ள மின்தூண்டியின் மேல் 330 என்று இருந்தால் 330 மைக்ரோ ஹென்றி என்று எண்ணிவிடாதீர்கள். 33க்குப் பின் பூச்சியம் எதுவும் இல்லை என்று பொருள். அதாவது 33 மைக்ரோ ஹென்றி. அதில் மின்னோட்டம் எவ்வளவு ஏறி இறங்கும்? (12 – 5) வோல்ட்டை 2.8 மைக்ரோ நொடியால் பெருக்கி 33ஆல் வகுத்தால் 0.59 ஆம்பியர். ஆகவே 1 ஆம்பியர் சுமையில் அது 0.7க்கும் 1.3க்கும் இடையே ஊசலாடும். பரவாயில்லை. ஆனால் சில மலிவுப் பலகைகளில் உள்ள போலிச் சில்லுகள் 50 கிலோ ஹெர்ட்ஸ் அளவில்தான் துடிக்கின்றன. அப்போது ஊசலாட்டம் மூன்று மடங்காகும், மின்தூண்டி சூடேறும்.

டையோடில் கைவைக்காதீர்கள். பழைய பலகையிலிருந்து கழற்றிய 1என்4007ஐப் போட்டால் சுற்று சூடாகித் தடுமாறும். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்த அந்த டையோடு மூடிக்கொள்வதற்குள் அடுத்த சுற்றே வந்துவிடும். இங்கே வேண்டியது ஷாட்கி டையோடு. நுழைவாயில் மின்தேக்கியும் 35 வோல்ட் தாங்குவதாகச் சில்லுக்கு ஒட்டியே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் 12 வோல்ட் 14ஐத் தாண்டும்.

இப்போது அந்தப் புகாருக்கு வருவோம். சுமை இல்லாமல் அளந்த 5 வோல்ட் எதையும் நிரூபிக்காது. 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் மின்தடை ஒன்றை வெளியீட்டில் இணையுங்கள். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். மின்தடை சுடும், ஓட்டின் மேல் வையுங்கள். பலகையின் முனையில் ஒரு முறை, கம்பியின் கடைசியில் ஒரு முறை அளங்கள். பலகையில் 5.0, கம்பியின் முனையில் 4.6 என்றால் பலகை குற்றமற்றது, கம்பிதான் மெல்லியது. போக வர 0.4 ஓம் மின்தடை இருந்தாலே 0.4 வோல்ட் போய்விடும். பலகையிலேயே குறைந்தால் நுழைவாயிலை அளங்கள். அங்கும் 12 வோல்ட் சரிந்திருந்தால் பேட்டரிப் பக்கத்து இணைப்பைப் பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் தலைவிளக்குக் கம்பியில் வருவது மாறுதிசை மின்னோட்டம். அதிலிருந்து எடுக்கவே கூடாது. பேட்டரி முனையிலிருந்து 2 ஆம்பியர் உருகி வழியாக எடுங்கள்.

எல்லா இடத்திலும் 5 வோல்ட் இருந்தும் மெதுவாகவே சார்ஜ் ஆகிறதா? யுஎஸ்பி துளையின் நடுவில் உள்ள இரு தரவு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். இணைக்காவிட்டால் பல கைப்பேசிகள் தங்களைக் கணினியில் செருகியதாக எண்ணி அரை ஆம்பியரோடு நின்றுகொள்ளும்.

அலைநோக்கி இல்லையே என்ற கவலை வேண்டாம். வீட்டில் பழைய மத்திய அலை வானொலி இருந்தால் பலகைக்கு அருகில் கொண்டு போங்கள். 600 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் திருப்பும்போது இரைச்சல் கேட்டால் சில்லு துடிக்கிறது என்று அறியலாம்.

இனி நான் பயப்படும் ஒரு பழுது. பலகையில் உள்ள நீலத் திருகு மின்தடை வெளியீட்டின் அளவைச் சில்லுக்குச் சொல்லும் பாதையில் இருக்கிறது. செம்பனைத் தோட்டச் செம்மண் பாதையில் வண்டி குலுங்கும்போது அதன் உள்தொடர்பு ஒரு கணம் விட்டால், வெளியீடு பூச்சியம் என்று சில்லு நம்பிவிடும். உடனே டிரான்சிஸ்டரை முழுதாகத் திறக்கும். கைப்பேசிக்கு ஏறக்குறைய 12 வோல்ட் போய்ச் சேரும். மேசையில் சோதிக்கத் திருகு போதும். வண்டிக்கு வேண்டாம். சில்லின் ஒப்பீட்டு மின்னழுத்தம் 1.23 வோல்ட். பலகையில் ஏற்கெனவே இருக்கும் சிறு மின்தடையையும் நீலத் திருகையும் கழற்றிவிடுங்கள். பின்னூட்ட முனைக்கும் தரைக்கும் இடையே 1 கிலோ ஓம், வெளியீட்டுக்கும் பின்னூட்ட முனைக்கும் இடையே 3 கிலோ ஓம் என்று நிலையான மின்தடைகளைப் பற்றவையுங்கள். 1.23 × 4 = 4.92 வோல்ட் கிடைக்கும்.

பிறகு சிமெண்ட் மின்தடையை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, பலகையை விரலால் தட்டிக்கொண்டே பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். எண் 4.75க்கும் 5.25க்கும் இடையில் அசையாமல் நின்றால் கைப்பேசியைச் செருகலாம்.